ஏற்காட்டுப் பங்கு மண்டபத்தில் அமைதி: ஒரு கண்காட்சி விமர்சனம்

ஏற்காட்டில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் (ஒரு தேவாலயத்தைச் சார்ந்த மக்கள் சமூகத்தின்) மண்டபத்தில் அமைதி என்னும் பொருளில் இம்மாதம் வைக்கப்பட்டிருக்கும் ஓவிய, கைவினைக் கண்காட்சியில் பாதி, பெருநகரக் காட்சிக்கூடங்களில் கூட அவ்வளவு எளிதில் காணக் கிடைக்காத தரத்தில் இருக்கிறது. மீதிப் பாதி வெள்ளைப் புறாக்கள். எந்தப் பாதியில் நேரத்தைச் செலவிடுவது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. ஏனெனில் வாசலிலிருந்து தொடங்கும் வரிசை முதலில் புறாக்களைத்தான் காட்டுகிறது. அவற்றைப் பார்த்தே அலுத்துப்போய், உள்ளறைக்குள் நுழையாமல் ஏரிக்கரைப் பக்கம் நடையைக் கட்டிய சுற்றுலாக் குடும்பங்களை நான் அங்கிருந்த நேரத்திலேயே பார்க்க முடிந்தது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1981-ஆம் ஆண்டு அறிவித்து, பிறகு செப்டம்பர் 21 என்று நாள் குறித்த பன்னாட்டு அமைதி நாளை ஒட்டி இக்கண்காட்சி அமைக்கப்பட்டிருக்கிறது. பங்கின் அன்பியங்கள் என்னும் சிறு குடும்பக் குழுக்கள், மறைக்கல்வி என்னும் சமய வகுப்பின் மாணவர்கள், அக்கம்பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்கள், சேலத்திலிருந்து அழைக்கப்பட்ட சில ஓவியர்கள், மாவட்டத்தின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களைச் சேர்ந்த சில பெண்கள் எனப் பலதரப்பட்டவர்களும் இதில் பங்கேற்றிருக்கிறார்கள். தேர்வுக் குழு என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. கொண்டுவந்த எல்லாவற்றையும் மாட்டியிருக்கிறார்கள். பங்குக் கண்காட்சியின் இயல்பு அதுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் யாரையும் மனம் நோகச் செய்யக் கூடாது என்ற நல்லெண்ணத்தால் நல்ல படைப்புகள் மூலைக்குத் தள்ளப்பட்டிருப்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

முதலில் புறாக்களைப் பேசி முடித்துவிடலாம். மறைக்கல்வி மாணவர்களின் சுவரில் கிட்டத்தட்ட ஒரே அளவில், ஒரே திசை பார்த்து, அலகில் ஒரே ஒலிவக் கிளையுடன் பறக்கும் பறவைகள் வரிசையாக இருக்கின்றன. கைப்பேசியில் ஒரே படத்தைத் தேடி எடுத்து எல்லாரும் பார்த்து வரைந்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. ஒலிவக் கிளையோடு வரும் புறா விவிலியத்தின் தொடக்க நூலின் எட்டாம் அதிகாரத்தில் நோவாவிடம் திரும்பி வந்த புறா. அங்கே அது கொண்டுவந்த செய்தி வெள்ளம் வடிந்தது என்பது. அந்தப் பறவை உலக அமைதி இயக்கங்களின் கொடியில் ஏறியதற்கு முக்கியக் காரணம், 1949-இல் பாரிசில் நடந்த அமைதி மாநாட்டின் சுவரொட்டிக்காகப் பிக்காசோவின் அச்சுப்படம் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தப் புறாவோ நண்பரும் ஓவியருமான மத்தீசு அவருக்குக் கொடுத்த, வீட்டில் வளர்க்கும் இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை. கண்முன்னால் இருந்த ஒரு பறவையின் இறகும் காலும் அந்தப் படத்தில் தெரியும். ஏற்காட்டுப் பிள்ளைகளின் கண்முன்னாலும் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. சோலையில் கத்தும் குக்குறுவானையும் சில்வர் ஓக் மரத்தில் அமரும் மரங்கொத்தியையும் நாள்தோறும் பார்க்கும் ஒரு பிள்ளை, தான் பார்த்திராத கிளையை ஏந்திய, தான் பார்த்திராத பறவையை வரைவதில் ஆசிரியருக்கு என்ன மகிழ்ச்சி இருக்க முடியும் என்று தெரியவில்லை.

அந்தச் சுவரிலேயே, கீழ்வரிசையில், பெரியவர்கள் குனிந்தால் மட்டுமே தெரியும் உயரத்தில் ஒரு படம் இருக்கிறது. ஆறாம் வகுப்பு மாணவி வரைந்தது என்று சீட்டு சொல்கிறது. படத்தில் ஒரு தெருக்குழாய். அதற்கு முன்னால் பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பிளாஸ்டிக் குடங்கள் வளைந்து வளைந்து ஒரு வரிசையாக நிற்கின்றன. மனிதர்களே இல்லை. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். யாரும் யாருடைய குடத்தையும் நகர்த்தவில்லை. ஒரு குடத்தின் வாயில் அடையாளத்துக்காகக் கட்டிய துணித்துண்டு, இன்னொன்றின் அடியில் ஒழுகலை அடைக்க வைத்த சோப்புக் கட்டி, வரிசையின் கடைசியில் குடம் இல்லாத யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு கல் என்று ஒவ்வொன்றையும் அந்தப் பிள்ளை கவனித்திருக்கிறாள். குழாயடிச் சண்டை என்று சொல்லிச் சொல்லியே பழகிய நமக்கு, சண்டை நடக்காத குழாயடி எப்படி இருக்கும் என்று அவள் காட்டுகிறாள். மெழுகு வண்ணக்குச்சியால், பழைய நோட்டுத்தாளில், இரண்டு இடங்களில் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி வரைந்திருக்கிறாள். கண்காட்சியின் அழைப்பிதழில் அச்சிட்டிருக்க வேண்டிய படம் இது.

மண்டபத்தின் நடுவில் உத்தரத்திலிருந்து தொங்கும் காகிதக் கொக்குகளைப் பற்றி இரண்டு கருத்தும் உண்டு. இரோசிமாவில் 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் குண்டு விழுந்தபோது இரண்டு வயதுக் குழந்தையாக இருந்து, பத்தாண்டு கழித்து 1955-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த சதாகோ சசாகி என்ற சிறுமி மருத்துவமனைக் கட்டிலில் கொக்கு மடித்த கதை நம் பள்ளிகளிலும் பலமுறை சொல்லப்பட்டதுதான். இங்கே இளையோர் குழுவினர் பழைய நாட்காட்டித் தாள்களைக் கொண்டு கொக்குகளை மடித்திருக்கிறார்கள். தேதி எண்களும் நல்ல நேரம், இராகு காலம் என்ற கட்டங்களும் இறகுகளில் துண்டுதுண்டாகத் தெரிவது அழகாகவே இருக்கிறது. ஆனால் செப்டம்பர் மாத ஏற்காட்டு மூடுபனியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாகப் புகுந்த ஈரத்தில் தாள் நமத்துப்போய், பாதிக் கொக்குகளின் சிறகு மடங்கித் தலை தொங்கிவிட்டது. பொறுப்பாளர்கள் அவற்றுக்கு அருகில் குண்டுபல்பு ஒன்றை எரியவிட்டுக் காயவைக்க முயன்றிருக்கிறார்கள். பல்புக்குப் பக்கத்தில் உள்ளவை நிமிர்ந்தும் தள்ளியிருப்பவை துவண்டும் கிடக்கின்றன. இதையும் படைப்பின் பகுதி என்று எண்ணி ஒரு கல்லூரி மாணவர் நெடுநேரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

பீடம் போல் உயர்த்தப்பட்ட மேடையில், மண்டபத்திலேயே மிகப் பெரிய சட்டத்தில், எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. உலக உருண்டையை இரு கைகளால் ஏந்திய இயேசு. சுற்றிலும் போர் விமானங்கள், எரியும் கட்டடங்கள், அழும் குழந்தைகள், உடைந்த சங்கிலி, உதிக்கும் சூரியன். தொழில் தெரிந்த கை என்பதில் ஐயமில்லை. மேலாடையின் மடிப்புகளும் புகையின் சாம்பல் நிறமும் தேர்ச்சியோடு தீட்டப்பட்டிருக்கின்றன. இருந்தாலும் உலகத்தின் எல்லாப் போர்களையும் ஒரே சட்டத்தில் அடைத்ததால் எந்தப் போரும் அதில் இல்லாமல் போய்விட்டது. அந்தக் குழந்தைகள் எந்த ஊர்க் குழந்தைகள், அந்தக் கட்டடம் யாருடையது என்று ஓவியரிடம் கேட்டால் அவருக்கே பதில் இருக்காது. இந்தப் படத்துக்கு இவ்வளவு நல்ல இடம் கொடுத்ததும், அதற்கு நேர் கீழே நன்கொடையாளர்களின் படங்களைப் போட்ட பிளெக்ஸ் பேனரை விரித்ததும், இந்தக் கண்காட்சியின் கண்ணை உறுத்தும் இரண்டு தவறுகள்.

அதே சமய ஓவிய மரபில் நின்றுகொண்டு வேறுவிதமாகச் சிந்தித்த ஓவியம் ஒன்று தூணுக்குப் பின்னால் இருக்கிறது. அசிசியின் புனித பிரான்சிசு இத்தாலியின் குப்பியோ நகரத்து ஓநாயோடு உடன்படிக்கை செய்துகொண்ட பழைய கதை பலருக்கும் தெரிந்திருக்கும்: ஊரை அச்சுறுத்திய ஓநாயை அவர் கொல்லவும் இல்லை, மந்திரத்தால் ஆட்டுக்குட்டியாக மாற்றவும் இல்லை, இனி நீ தாக்கக் கூடாது, ஊரார் உனக்கு நாள்தோறும் உணவிட வேண்டும் என்று இருதரப்புக்கும் பொறுப்பு வைத்துப் பேசி முடித்தார். ஏற்காட்டு ஓவியர் ஓநாயை எடுத்துவிட்டுக் காட்டெருமையை நிறுத்தியிருக்கிறார். காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை இறங்குவதும், விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எதிர்ப்படும்போது விபரீதம் நேர்வதும் சேர்வராயன் மலையில் வாழ்கிறவர்களுக்குப் புதிதல்ல. ஓவியத்தில் மழைக்குப் பிளாஸ்டிக் கொங்காணி போட்ட ஒரு முதியவர் பிரான்சிசின் இடத்தில் நிற்கிறார். அவருக்கும் விலங்குக்கும் நடுவே ஒரு சூரியமின் வேலி, அதில் ஒரு கம்பி மட்டும் கழற்றிக் கீழே விடப்பட்டிருக்கிறது. பின்னால் ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டடி பின்வாங்கி, நம்பாமல் பார்க்கிறாள். அந்த நம்பாத பார்வைதான் ஓவியத்தைக் காப்பாற்றுகிறது. காட்டெருமையின் முழங்காலுக்குக் கீழே உள்ள வெள்ளை நிறத்தை, காலுறை மாட்டியது போல் இருக்கும் அந்த வெள்ளையை, ஓவியர் சரியாகத் தீட்டியிருப்பதையும் குறிப்பிட வேண்டும். பார்த்து வரைந்தவர் அவர்.

இந்தப் படத்துக்குப் பக்கத்தில், "உமது அமைதியின் கருவியாக என்னை ஆக்கும்" என்று தொடங்கும் மன்றாட்டைப் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் புனித பிரான்சிசு இயற்றியது என்று போட்டிருக்கிறார்கள். அந்த மன்றாட்டு பிரான்சிசின் காலமான 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததல்ல; 1912-இல் பிரான்சில் வெளிவந்த ஒரு சிறிய பக்தி இதழில்தான் அது முதலில் அச்சானது, அதுவும் ஆசிரியர் பெயர் இல்லாமல். மன்றாட்டின் மதிப்பு இதனால் குறைந்துவிடாது. ஆனால் பள்ளி மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு போகும் இடத்தில் இதைத் திருத்திவிடுவது ஐந்து நிமிட வேலை.

உலகச் செய்திகளுக்கு ஒதுக்கிய பலகைகள், இந்தப் பிழையைத் தவிர, நன்றாகத் தயாரிக்கப்பட்டிருக்கின்றன. 1940 நவம்பர் 14-ஆம் நாள் இரவில் குண்டுவீச்சில் அழிந்த இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயத்தின் இடிபாட்டிலிருந்து எடுத்த பழைய கூரை ஆணிகளைச் சேர்த்துச் சிலுவை செய்ததையும், அத்தகைய ஆணிச் சிலுவைகள் போருக்குப் பின் ஜெர்மனியின் தேவாலயங்களுக்கே அனுப்பப்பட்டதையும் ஒரு பலகை சொல்கிறது. மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் 1992-இல் முடிந்த பிறகு, ஆங்கிலிக்கன் ஆயர் தினிசு செங்குலானே 1995-இல் தொடங்கிய திட்டத்தில் மக்கள் துப்பாக்கிகளைக் கொடுத்துவிட்டுத் தையல் இயந்திரமும் மிதிவண்டியும் மண்வெட்டியும் பெற்றுக்கொண்டதையும், அந்தத் துப்பாக்கித் துண்டுகளைச் சேர்த்துச் சிற்பிகள் நாற்காலியும் மரமும் செய்ததையும் இன்னொரு பலகை படத்துடன் விளக்குகிறது. வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடிப்பார்கள் என்ற, விவிலிய இறைவாக்கினர் எசாயாவின் வாக்கு அதன் மேல் எழுதப்பட்டிருப்பது பொருத்தம். இந்தப் பலகைகளை எழுதியவர் சொற்களை வீணாக்கவில்லை.

உள்ளறைக்கு வருவோம். மண்டபத்துக்கும் பழைய பொருள் வைப்பறைக்கும் நடுவே உள்ள கதவைத் திறந்து இந்தப் பகுதியை அமைத்திருக்கிறார்கள். விளக்கு போதாது, தரை சமமில்லை, இரண்டு படிகள் ஏற வேண்டும். ஆயினும் கண்காட்சி உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கண்ணில் படுவது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் தம் குடும்பத்தின் பழைய முத்திரைத்தாள்களை நகலெடுத்து, பெரிய அட்டையில் வரிசையாக ஒட்டி, அவற்றின் மேல் நீர்வண்ணம் தீட்டியிருக்கிறார். நான்கெல்லை விவரம் எழுதிய பகுதிகள் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன: இன்னாருடைய நிலத்துக்குக் கிழக்கு, ஓடைக்கு மேற்கு, மாமூல் தடத்துக்கு, அதாவது வழக்கமாகப் போய்வரும் பாதைக்கு, தெற்கு. அண்ணன் தம்பி பெயர்கள் வரும் இடங்களையெல்லாம் மண் நிறத்தால் மூடிவிட்டார். ஒவ்வொரு தாளிலும் எல்லைக்கோடு கறுப்பு மையால் அழுத்தமாகப் போடப்பட்டிருக்க, எல்லாத் தாள்களையும் ஊடறுத்து ஒரு மெல்லிய நீலக்கோடு மேலிருந்து கீழாக வளைந்து இறங்குகிறது. கிட்டே போய்ப் படித்தால்தான் அது என்னவென்று புரிகிறது: "மேற்படி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியமும், மாமூல் தடத்தில் ஆள், வண்டி, கால்நடை போக வர உள்ள பாத்தியமும் இரு தரப்பாருக்கும் பொது" என்ற வாசகங்கள் உள்ள வரிகளை மட்டும் தொட்டுத் தொட்டு அந்த நீலம் போகிறது.

நிலத்தகராறில் உடைந்த குடும்பங்கள் இல்லாத ஊர் சேலம் மாவட்டத்தில் இருக்க முடியாது. வரப்பை ஒரு சாண் நகர்த்தியதற்காக இரண்டு தலைமுறை பேசாமல் இருந்தவர்களையும், தடத்தில் முள்வெட்டிப் போட்டதற்காக முன்சீப் கோர்ட்டில் தொடங்கி உயர் நீதிமன்றம் வரை போனவர்களையும் எல்லாருக்கும் தெரியும். அமைதி பற்றிய கலை என்றாலே தொலைதூரப் போரைத்தான் வரைய வேண்டும் என்ற எண்ணத்தை இந்த அட்டை ஒரே அடியில் தள்ளிவிடுகிறது. பிரிப்பதற்காகவே எழுதப்படும் ஆவணத்துக்குள்ளும் பொதுவாக விடப்பட்ட பொருள் ஒன்று உண்டு என்பதைக் காண, அதை ஆயுள் முழுவதும் எழுதிய ஒருவரின் கண் தேவைப்பட்டிருக்கிறது. ஓவியமாக மதிப்பிட்டால் மண் நிறம் சற்றுக் கனமாக விழுந்திருப்பதையும், ஓரத்தில் தேவையில்லாமல் ஒட்டிய மயிற்பீலியையும் குறையாகச் சொல்லலாம். சொல்லிவிட்டு மறுபடியும் அந்த நீலக்கோட்டைப் பார்க்கத்தான் தோன்றுகிறது.

அதற்கு எதிர்ச்சுவரில், முகாம்களைச் சேர்ந்த பெண்கள் தைத்த துணிகள் மாட்டப்பட்டிருக்கின்றன. 1983 முதல் பல கட்டங்களாகக் கடல் கடந்து வந்த குடும்பங்கள் தமிழ்நாட்டு முகாம்களில் தலைமுறை கடந்து வாழ்கின்றன. இலங்கையில் போர் 2009 மே மாதத்தில் முடிந்த பின்னும் ஊர் திரும்பாதவர்கள் ஏராளம். இந்தப் பெண்களிடம் அமைதியைத் தையுங்கள் என்று கேட்டதற்கு, அவர்கள் தங்கள் வீட்டின் வரைபடத்தைத் தைத்திருக்கிறார்கள். வெள்ளை வேட்டித் துணியில் சிவப்பு நூலால் சுவர்கள். கதவு இருக்கும் இடத்தில் தையல் விடுபட்டிருக்கிறது. குசினி, சாமியறை, விறாந்தை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். வேலியோரம் பனை, முற்றத்தில் முருங்கை, பின்னால் கிணறு. அளவுகள் காலடிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. ஏனென்றால் நினைவில் இருப்பது அடிகள்தான், அளவுநாடா அல்ல. ஒரு துணியில் வீட்டின் ஒரு பக்கச் சுவர் தைக்கப்படாமல் பென்சில் கோடாகவே நிற்கிறது. அந்தப் பக்கம் என்ன இருந்தது என்பதில் தாய்க்கும் மகளுக்கும் கருத்து ஒத்துவரவில்லை என்று சீட்டில் எழுதியிருந்தது.

துணிகளுக்கு அருகில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம், கிணற்றுக்குப் பக்கத்தில் சாய்வாகத் தைத்திருக்கும் நீண்ட கோடு என்ன என்று கேட்டேன். "அது துலா, தம்பி. எங்கட கிணத்தில துலாதான். ஐயா மிதிப்பார், நான் வாய்க்கால் கட்டுவன்" என்றார். துலா என்பது கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றமரம். அதற்குமேல் அவர் எதையும் விளக்கவில்லை; விளக்கம் கேட்கும் துணிவும் வரவில்லை. கண்காட்சியில் உள்ள மற்றப் படைப்புகள் அமைதி வந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்கின்றன. இந்தத் துணிகளில் இருப்பது ஒரு காலத்தில் இருந்து, பறிபோன அமைதி. ஆகவே அதில் மங்கலான எதுவும் இல்லை, விறகு அடுக்கும் இடம் வரை தெரிகிறது. இவற்றைக் கயிற்றில் துணி காயப்போட்டது போல் கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டிருப்பதுதான் வருத்தம். அந்தப் பெரிய எண்ணெய் ஓவியத்தின் சட்டத்துக்கு ஆன செலவில் இத்தனை துணிகளையும் முறையாகப் பலகையில் இழுத்துக் கட்டியிருக்கலாம்.

மரியாவைக் காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணாக வரைந்த படம் ஒன்றும் உள்ளறையில் இருக்கிறது. கோவாவைச் சேர்ந்த ஏஞ்சலோ த பொன்சேகா கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மரியாவுக்குச் சேலை உடுத்தி வரைந்து, அதற்காகத் திருச்சபைக்குள்ளேயே கடும் எதிர்ப்பைச் சந்தித்தவர். இன்று அந்த எதிர்ப்பு இல்லை, ஆகவே சேலை உடுத்துவது மட்டும் போதாது. இந்தப் படத்தில் முகம் இன்னமும் நாட்காட்டி முகமாகவே இருக்கிறது. இடுப்பில் கட்டிய பையும் பழச்சாறு ஏறிக் கறுத்த விரல் நுனிகளும் மட்டும் உண்மையானவை.

இனி, இக்கண்காட்சியில் இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரோசிமா இருக்கிறது, மொசாம்பிக் இருக்கிறது, காசா பற்றி இரண்டு சுவரொட்டிகள் இருக்கின்றன. சாதி பற்றி ஒரு கோடு கூட இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிச்சுவர் எழுப்பிய வரலாறு தமிழ்நாட்டுக் கிறித்தவத்துக்கு உண்டு. தலித் கிறித்தவர்கள் அதைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசியும் போராடியும் வருகிறார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குத் துணிவுள்ள ஒரு பங்கு, இதை மட்டும் ஏன் சுற்றிக்கொண்டு போயிற்று என்ற கேள்வி எழாமல் இல்லை. பார்வையாளர் குறிப்பேட்டில் இதையே என்னைவிடச் சுருக்கமாக ஒருவர் எழுதியிருந்தார்: "எங்க தெருவையும் வரைங்க ஃபாதர்." அடுத்த ஆண்டு யாராவது வரைவார்கள் என்றால், அந்தப் படத்தைத் தூணுக்குப் பின்னால் மாட்டாமல் இருக்க வேண்டும்.

ஏற்பாடுகளைப் பொறுத்தவரை, நுழைவுக் கட்டணம் இல்லை. விரும்பியதைப் போட ஓர் உண்டியல் மட்டும் இருக்கிறது. சீட்டுகளில் பெயரும் ஊரும் உண்டு, பயன்படுத்திய பொருள் பற்றிய விவரம் இல்லை. கண்ணாடிச் சட்டங்களுக்கு நேர் எதிரில் எல்இடி குழல்விளக்குகளைப் பொருத்தியிருப்பதால், நீர்வண்ணப் படங்கள் பலவற்றில் நம் முகமே முதலில் தெரிகிறது; சற்றுப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். ஒலிபெருக்கியில் கீபோர்டு இசையோடு பாடல்கள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அமைதிக் கண்காட்சியில் அதை நிறுத்தும்படி கேட்க நேர்வது வேடிக்கைதான். ஆனால் கேட்டவுடன் தொண்டர்கள் முகம் சுளிக்காமல் நிறுத்தினார்கள். விளக்கம் சொல்ல நிற்கும் இளையோர் எல்லாரும் நன்கு பயிற்சி பெற்றவர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் மண்டபத்துக்குள் வரலாம், உள்ளறைக்குப் போக முடியாது. சிறந்த படைப்புகள் அங்கே இருக்கும்போது இது சிறிய குறை அல்ல. ஒரு மரப்பலகையைச் சாய்த்துப் போட்டாலே தீரக்கூடியதுதான்.

விற்பனை மேசையில் வாழ்த்து அட்டைகள், தோட்டத்துக் காப்பித்தூள், மிளகு ஆகியவை கிடைக்கின்றன. காப்பித்தூள் சிக்கரி கலக்காதது, புதிதாக வறுத்தது. கடைவீதி விலையைவிடச் சற்று அதிகம். படைப்புகளில் பலவற்றுக்கு விலை குறிக்கப்பட்டிருக்கிறது. துணிகளும் பத்திரமும் விற்பனைக்கு இல்லை என்று தெளிவாக எழுதியிருப்பது சரியான முடிவு.

சேலத்திலிருந்து வருகிறவர்கள் வார நாட்களில் வருவதே நல்லது. ஞாயிறு பிற்பகலில் ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பக்கம் வண்டி நகராது, காலைத் திருப்பலி முடிந்த கையோடு மண்டபத்திலும் நிற்க இடமிருக்காது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் பாதையில் மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பேருந்துகள் தாமதமாகின்றன. காலையில் ஏறிப் பகலில் பார்த்துவிட்டு இறங்குவது வசதி. ஜன்னல் வெளிச்சம் உள்ள நேரத்தில்தான் உள்ளறைத் துணிகளின் தையலும் நன்றாகத் தெரியும்.

வெளியேறும் வழியில் ஒரு மேசையும் பேனாக்களும் 50 காசு அஞ்சல் அட்டைகளும் வைத்திருக்கிறார்கள். காணிக்கை செலுத்த வரும்போது உன்மேல் யாருக்காவது மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்துப் பகுதி சுவரில் இருக்கிறது. யாரோடு பேச்சு நின்றுபோனதோ அவருக்கு ஓர் அட்டை எழுதிப் பெட்டியில் போட்டால், பங்கிலிருந்தே அஞ்சலில் சேர்த்துவிடுகிறார்கள். கேட்பதற்குப் பள்ளிக்கூட நாடகம் போல் தோன்றினாலும், அந்த மேசையில்தான் ஆட்கள் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வரி எழுதி அடித்துவிட்டு வேறு அட்டை கேட்டவர்களும் இருந்தார்கள். எழுத நினைப்பவர்கள் முகவரியை முன்கூட்டியே குறித்துக்கொண்டு போவது நல்லது. பெயரை எழுதிய பிறகு வீட்டு எண்ணும் தெருவும் தெரியாமல், வேறு சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, எதற்கு என்று சொல்லாமல் விசாரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. பொறுப்பாளர்கள் அந்த மேசையில் மாவட்டத்தின் அஞ்சல் குறியீட்டு எண் பட்டியல் ஒன்றையும் வைத்தால் உதவியாக இருக்கும்.